வீடு விற்பவரும் தரகரும்: எழுதப்படாத ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் வீட்டையோ மனையையோ விற்க நினைப்பவர் தரகரிடம் பெரும்பாலும் இரண்டில் ஒரு விதமாகத்தான் பொறுப்பைக் கொடுக்கிறார். "நல்ல பார்ட்டி இருந்தால் கூட்டி வாருங்கள், பார்த்துச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வது ஒரு விதம். விற்கவும், பணம் வாங்கவும், பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் முழு அதிகாரம் தந்து பவர் எழுதிக் கொடுப்பது மற்றொரு விதம். முதலாவதில் எதுவுமே எழுதப்படுவதில்லை. இரண்டாவதில் எழுதக் கூடாததெல்லாம் எழுதப்படுகிறது. இந்தச் சொத்தை, இந்தக் காலத்துக்குள், இந்தக் கமிஷனுக்கு விற்றுத்தர இவரை அமர்த்துகிறேன் என்று சொல்லும் இரண்டு பக்க முகமை ஒப்பந்தம் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுவதற்கே பதினொரு மாத ஒப்பந்தம் எழுதும் நாம், வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அடங்கிய சொத்தை விற்கும்போது ஒரு தாள்கூட எழுதிக்கொள்வதில்லை. இது மாற வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சட்டம் இந்த உறவை எப்போதோ வகுத்து வைத்துவிட்டது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகள் முழுவதும் முகமையை, அதாவது ஒருவர் சார்பில் இன்னொருவர் (முகவர்) செயல்படுவதைப் பற்றியவை. நம் தரகரும் அத்தகைய முகவரே. அவற்றின்படி முகமை வாய்ச்சொல்லாலும் ஏற்படும், நடந்துகொள்ளும் விதத்தாலும் ஏற்படும். ஆகவே வாசலில் நின்று பேசிய பேச்சு செல்லாது என்று யாரும் எண்ண வேண்டாம், அது செல்லும். ஆனால் என்ன பேசினோம் என்பதைப் பின்னாளில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே முகவருக்கு ஊதியம் சேரும் என்கிறது பிரிவு 219. எது அந்த வேலை? வாங்குபவரை அழைத்து வந்து இடத்தைக் காட்டுவதா, விலை படிந்து, பின்னர் விற்பதாக உறுதி தரும் கிரய ஒப்பந்தம் போடுவதா, சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாவதா? முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் விற்பவர் ஒன்று சொல்வார், தரகர் வேறொன்று சொல்வார்.

தரகர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. மாதக்கணக்கில் வெயிலில் அலைந்து, தன் வண்டியில் பெட்ரோல் போட்டு, பத்துப் பேருக்கு இடத்தைக் காட்டி, கடைசியில் ஒருவரைச் சம்மதிக்க வைத்த பிறகு, விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் கைபேசி எண்ணைப் பரிமாறிக்கொண்டு அவரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்துகொள்வதும் ஊரறிந்த செய்திதான். பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் சற்று நேரம் நின்றால் போதும். விற்பவர் பக்கத் தரகர், வாங்குபவர் பக்கத் தரகர், இந்தப் பார்ட்டியை அவருக்குச் சொன்னதே தான்தான் என்று உரிமை கோரும் மூன்றாமவர் என்று ஒரு கூட்டமே நிற்கும். உள்ளே பத்திரம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது வெளியே கமிஷனைப் பங்கு பிரிப்பதில் குரல் உயரும். இரண்டு சதவீதம் என்று பரவலாகச் சொல்லப்படுவது வழக்கமே தவிர சட்டம் நிர்ணயித்த அளவு அல்ல. அதை இரு தரப்பிலும் வாங்குவாரா, ஒரு தரப்பில் மட்டுமா என்பதையும் யாரும் முதலிலேயே கேட்டு வைப்பதில்லை.

இன்னும் ஆபத்தான ஒரு வாக்கியம் உண்டு. "எனக்குக் கையில் இவ்வளவு வந்தால் போதும், மேலே எவ்வளவுக்கு விற்றாலும் உங்கள் பாடு" என்று உரிமையாளரே சொல்லிவிடுகிறார். கமிஷன் பேசும் தொல்லை தீர்ந்தது என்று அவருக்குத் தோன்றுகிறது. முகவர் தன்னை அமர்த்தியவரின் அனுமதி இல்லாமல் அதே விவகாரத்தில் தன் சொந்தக் கணக்கில் ஈடுபடக் கூடாது என்பதும், அவர் அறியாமல் அப்படி ஈடுபட்டு ஆதாயம் அடைந்தால் அந்த ஆதாயத்தை அமர்த்தியவர் கேட்டுப் பெறலாம் என்பதும் ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216ஆம் பிரிவுகள் தரும் பாதுகாப்பு. "மேலே வருவது உங்கள் பாடு" என்று சொல்லிவிட்டால், உரிமையாளரே சம்மதித்தார் என்று வாதிடத் தரகருக்கு வழி பிறந்துவிடுகிறது. அதன்பின் உண்மை விலையை விற்பவர் அறியாமல் பார்த்துக்கொள்வதே தரகருக்கு லாபம் என்றாகிவிடுகிறது. இரு தரப்பையும் நேரில் பேசவிடாமல் பதிவு நாள்வரை பிரித்து வைக்கும் பழக்கத்துக்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்தது பவர். எங்கள் உறவில் ஓர் அம்மா, கணவர் இறந்தபின் தன் பெயரில் இருந்த புறநகர் மனையை விற்க விரும்பினார். அலைய வேண்டாம், ஒரு பவர் போட்டுக் கொடுத்தால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்வதாகத் தரகர் சொன்னார். அந்தப் பத்திரத்தைப் பின்னால் வாங்கிப் படித்தேன். தாங்கள் விரும்பும் நபருக்கு, தாங்கள் நிர்ணயிக்கும் விலைக்கு விற்கவும், முன்பணத்தையும் மீதிக் கிரயத் தொகையையும் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்கவும், கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்து கொடுக்கவும் என்று ஒரே மூச்சில் எல்லா அதிகாரமும் அதில் இருந்தது. குறைந்தபட்ச விலை என்ற ஒன்று இல்லை, தொகை அந்த அம்மாவின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, காலக்கெடுவும் இல்லை. மனை விற்றது. அவர் கைக்கு வந்தது பதிவுக்கென அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகை மட்டுமே. வாங்கியவரோ அதைவிடக் கணிசமாகக் கொடுத்ததாகச் சொல்கிறார். முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று பிரிவு 213 சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியவர் எழுபது வயதைக் கடந்த அந்த அம்மாதான்.

தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தை 2012 டிசம்பர் 1 முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று ஆகியிருப்பது நல்ல மாற்றம். ஆனால் உள்ளே எழுதியிருப்பது நமக்குச் சாதகமா என்பதைப் பதிவு பார்ப்பதில்லை. பவர் தந்தவர் இறந்துவிட்டால் பிரிவு 201இன்படி முகமை முடிவுக்கு வருகிறது. அதனால்தான் பவர் முகவர் கிரயம் எழுதிக் கொடுக்க வரும்போது, தந்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கேட்கிறார்கள். பவரை ரத்து செய்வதானால், ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்வதோடு முகவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். ஏனெனில் பிரிவு 208இன்படி ரத்து என்பது முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த பிறகும், மூன்றாம் நபரைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரிந்த பிறகுமே நடைமுறைக்கு வரும். வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவரும் கிரய ஒப்பந்தமும் வாங்கிவிட்டால் சொத்து தன்னுடையதாகிவிடும் என்று எண்ணுவது தவறு; அது உரிமை மாற்றம் ஆகாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 54இலேயே, கிரய ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொல்லியிருக்கிறது.

தரகரை அமர்த்தும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் தன் முகவருக்குத் தர முடியாது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருப்பார். பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருக்கும். அண்ணன் தரகரிடம் விலை பேசி முன்பணமும் வாங்கிவிடுவார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு இறந்தவரின் தாயும் உயிரோடு இருந்தால் சமபங்கு பெறுகிறார். பூர்வீகச் சொத்தானால் 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் மத்தியத் திருத்தமும் மகள்களுக்குத் தந்த உரிமை வந்து நிற்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் எதற்குக் கேட்பது என்ற பேச்சோடு தொடங்கும் விற்பனைகள் பாகப்பிரிவினை வழக்கில் போய் முடிவதை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். தரகர் கொண்டு வரும் சொத்தில் பங்குதாரர் யார் யார், அவர்கள் அனைவரும் விற்பனைக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்களா என்பதை முகமை ஒப்பந்தத்தின் முதல் பத்தியே சொல்லிவிட வேண்டும்.

"டாக்குமெண்ட் எல்லாம் கிளியர் சார்" என்ற சொல்லை நம்பி வாங்குபவருக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமைக்கு அதுவே முடிவான ஆதாரம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டாரே என்பதும் உரிமைக்கு உத்தரவாதம் அல்ல. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சொத்தின் பழைய மூல ஆவணமான தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 9, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ அடுக்ககமோ விற்றுத்தரும் முகவர் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் நீங்களும் நானும் விற்கும் பழைய வீடும், தனி மனையும், மறுவிற்பனை அடுக்ககமும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. அங்கே நம்மைக் காப்பது ஒப்பந்தச் சட்டமும் நாம் எழுதி வைத்ததும் மட்டுமே. மறுவிற்பனைத் தரகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை நம் தாளை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தத் தாளில் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை ஆகியவற்றோடு சொத்தின் விவரமும், விற்பவர் ஏற்கும் குறைந்தபட்ச விலையும், 90 நாள் போன்றதொரு காலக்கெடுவும் இருக்கட்டும். தரகர் ஆள் தேடலாம், இடத்தைக் காட்டலாம், விலை பேசலாம். கையெழுத்துப் போடவோ முன்பணம் வாங்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். முன்பணம் எதுவாயினும் வாங்குபவர் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கு நேராகப் போகட்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் எப்படியும் தடுக்கிறது. கமிஷன் எவ்வளவு என்பதையும், கிரயப் பத்திரம் பதிவாகும் நாளில்தான் அது சேரும் என்பதையும், தரகர் எதிர்த்தரப்பிலும் வாங்குவதானால் அதை இருவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேருங்கள்.

கையெழுத்துக் கேட்டால் எந்தத் தரகரும் வரமாட்டார் என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. தரகருக்கு இந்தத் தாளில் என்ன கிடைக்கிறது என்று காட்டாதவரை அவர் தயங்கத்தான் செய்வார். அவருக்காக ஒரு பத்தி எழுதுங்கள். காலக்கெடு முடிந்து ஆறு மாதத்துக்குள், அவர் அறிமுகம் செய்த யாராவது அந்தச் சொத்தை வாங்கினால் பேசிய கமிஷன் முழுவதும் அவருக்கே சேரும் என்று அந்தப் பத்தி சொல்லட்டும். இடம் பார்க்க வந்தவர்களின் பெயரை அன்றன்றே வாட்ஸ்அப்பில் அவர் அனுப்ப, விற்பவர் பார்த்து ஒப்புக்கொண்டதாகப் பதில் எழுதிவிட்டால், யார் யாரைக் கூட்டி வந்தார் என்ற வழக்கு பிறகு வருவதற்கு இடமில்லை.