ஏ.எஃப்.பி. எண்ணிக்கை போலியோ எண்ணிக்கை அல்ல

“இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் ஏ.எஃப்.பி. இன்னும் ஆயிரக்கணக்கில் பதிவாகிறதே, மறைக்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஏ.எஃப்.பி. (acute flaccid paralysis) என்பது நோயின் பெயரல்ல. குழந்தையின் கை கால் திடீரென்று துவண்டுபோகும் அறிகுறி அது. போலியோவால் மட்டுமல்ல, கில்லன் பாரே என்ற நரம்பு நோய், தண்டுவட அழற்சி போன்றவற்றாலும் வரும். போலியோவே இல்லாத ஊரிலும் 15 வயதுக்கு உட்பட்ட லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவராவது பதிவாக வேண்டும். இந்தியா வைத்திருக்கும் இலக்கு 2. ஆகவே கவலைப்பட வேண்டியது பூஜ்யம் காட்டும் மாவட்டத்தைப் பார்த்துத்தான். அங்கே யாரும் தேடவில்லை என்று பொருள்.

எண்ணிக்கை மட்டும் போதாது. கை கால் துவண்ட 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், போலியோ வைரஸைத் தேட இரண்டு மல மாதிரிகள் எடுத்தார்களா என்று பாருங்கள். 80 சதவீதமாவது அப்படி இருக்க வேண்டும். தாமதித்தால் மலத்தில் வைரஸ் குறைந்துவிடும். மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் வழியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி விட்டுப்போனால் வைரஸ் அழிந்துவிடும். இரண்டிலும் வைரஸ் இருந்தும் முடிவு ‘போலியோ இல்லை’ என்று வரக்கூடும், அதை நம்ப முடியாது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ (தடுப்பு மருந்திலிருந்து வராத வைரஸால் வந்தது) 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவானது. அதன் பிறகு வந்த பூஜ்யத்தை நம்ப முடிவதற்கு, அவர் குறைசொல்லும் இதே ஏ.எஃப்.பி. பதிவுகள்தான் முக்கியக் காரணம்.