ஐந்து மணிக்கு எழுந்துதான் இருக்கிறேன்

வேலைக்குப் போகும் பெற்றோர் காலை ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி நேரம் தியானம் செய்தால் நாள் முழுக்க நிம்மதி என்கிறது நீங்கள் எழுதிய கட்டுரை. சரி, ஐந்து மணிக்கு நானும் எழுந்துதான் இருக்கிறேன், அடுப்படியில். மூன்றாவது விசிலுக்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுத் தாம்பரத்தில் கடற்கரை ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும்.

எனக்கு உதவியது வேறு. ஞாயிறு மாவு அரைப்பதை விட்டுவிட்டேன். இப்போது தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவுதான். மாமியார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் அவரே, "ரொம்பப் புளிக்காததா பார்த்து வாங்கும்மா" என்றார். மிச்சமான நேரத்தில் மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னுகிறேன். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வருகிறது. முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவளுக்கு வசதி போல.

கட்டுரையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இலேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். என் பழைய அலுவலகத்தில் 200 பேர் இருந்தோம். காப்பகம் என்று காட்டிய அறையில் ஓடாத பிரிண்டர்கள்தான் தூங்கிக்கொண்டிருந்தன.