கடைசியில் சேர்த்தாலும் இடம் மாறும்

"புது ஃபீல்டைப் பதிவின் கடைசியில் சேர்த்தால் பழைய புரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறீர்கள். ஒரே ஒரு பதிவு இருந்தால் சரி. பல புரோகிராம்கள் பகிர்ந்து படிக்கும் ஷேர்டு மெமரி கேஷில் பதிவுகள் வரிசையாக அல்லவா அடுக்கியிருக்கும்?

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஆலைக்கு எழுதியபோது நானே பட்டது: விவசாயி எண், இலை எடை, தரம், தலா 4 பைட், ஆக 12. பின்னால் 8 பைட்டில் யூனிக்ஸ் நேரத்தை, அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் விநாடிகளை, சேர்த்தேன். 20 ஆகவில்லை, கம்பைலர் அலைன்மென்ட்டுக்காக (8 பைட் எண் 8-ஆல் வகுபடும் இடத்தில் தொடங்கவேண்டும்) நடுவில் 4 பைட் காலியாக விட்டு 24 ஆக்கிவிட்டது. பழைய புரோகிராமோ 12, 12 ஆகத்தான் தாண்டும். இரண்டாவது விவசாயியின் இலை எடை சுமார் 170 கோடி கிலோ! (நீலகிரியையே மொட்டையடித்தாலும் ஒரே நாளில் வராது.) அது முதல் ஆளின் நேரம்.

புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. லினக்ஸில் அந்த ஷேர்டு மெமரித் துண்டை (செக்மென்ட்) நீக்கும்வரை, அல்லது மெஷின் ரீபூட் ஆகும்வரை, அப்படியே கிடக்கும். செக்மென்ட்டின் தொடக்கத்திலேயே வெர்ஷன் எண்ணையும் பதிவின் நீளத்தையும் எழுதிவையுங்கள். அமைப்பு மாறினால் புதுப் பெயரில் புது செக்மென்ட்.