லோகோவை போட்டோவாக அனுப்பாதீங்க சாமி

ஆடி மாதம் வந்துவிட்டால் சேலத்தில் பேனர் டிசைன் பண்ணுகிறவன் எவனுக்கும் தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்தடி பேனர் வேண்டும் என்று அம்மாப்பேட்டைத் தம்பி ஒருவன் அவர்கள் மன்றத்து லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு.

"என் போன்ல நல்லாத்தானுங்கண்ணா தெரியுது?"

போனில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்தால் எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

அந்த லோகோ வந்த ஜேபெக் (JPG) பட வடிவத்தை நான் குறை சொல்லவில்லை. 1992இல் தரப்படுத்தியது, போட்டோவுக்கு இன்றைக்கும் அதுதான் எனக்கு. ஏற்காடு லேடீஸ் சீட்டில் பனிமூட்டத்தோடு எடுத்த 12 மெகாபிக்சல் படம், பிக்சலுக்கு 3 பைட் கணக்கில் சுருக்காமல் வைத்தால் 36 எம்பி. ஜேபெக்கில் நாலைந்து எம்பிக்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. பனிக்கும் மலைக்கும் அது சரி. ஆனால் ஒரே கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளும் சட்டென்று மாறும் இடத்தில் திணறிப்போய்த்தான் அந்தக் கொசுவை விடுகிறது. அப்புறம் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது வேறு தன் பங்குக்குச் சுருக்கும். யாராவது சேமித்து, ஓரம் வெட்டி, மறுபடி அனுப்பினால் இன்னொரு சுற்று. நாலு குரூப் சுற்றி வந்த லோகோவில் என்ன மிஞ்சும்?

லோகோவுக்குப் பிஎன்ஜி (PNG) வடிவம்தான். ஜிஃப் (GIF) என்ற பழைய வடிவம் பயன்படுத்திய சுருக்குமுறைக்குக் காப்புரிமைத் தகராறு வந்ததால் 1996இல் பிறந்த வடிவம் இது, ஒரு பிக்சலைக்கூட இழக்காது, பின்னணி இல்லாமலும் வைக்கலாம். ஜிஃபுக்கு 256 நிறம்தான். குட்மார்னிங் ரோஜா ஆடுவதற்கு அது போதும். பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே (CMYK) என்ற நாலு மை அச்சு நிறமுறை கிடையாது, அதனால் ஆஃப்செட் அச்சுக்குப் போகும் கல்யாணப் பத்திரிகைக்கு நான் டிஃப் (TIFF) வடிவம்தான் வைப்பேன். கூகுள் 2010இல் விட்ட வெப்பி (WebP) வடிவம் இணையதளத்துக்கு நல்லது, கடையில் "படம் திறக்கலைங்க" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது அதுதான்.

தம்பியிடம் பிஎன்ஜி கேட்டேன். ஐந்தே நிமிடத்தில், அதுவும் வாட்ஸ்அப் சுருக்கிவிடாதபடி டாக்குமெண்டாகவே அனுப்பினான். அதே ஜேபெக்கைத் திறந்து பிஎன்ஜியாகச் சேமித்திருக்கிறான்! கொசு ஒன்றுகூடக் குறையவில்லை, ஃபைல் மட்டும் மூன்று மடங்கு பெருத்திருந்தது. போன நுணுக்கம் திரும்பி வராது தம்பி, இருக்கிற அழுக்கைத்தான் பத்திரமாக வைத்திருக்கும் என்றேன்.

கடைசியில் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து நானே லோகோவைப் புதிதாக வரைந்து, சுத்தமான பிஎன்ஜியாக அனுப்பினேன். தம்பி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே பேட்டரி அளவு தெரிய, மன்றத்துக் குரூப்பில் போட்டிருக்கிறான்.