61 நாளும் ஒரு நுழைவுத்தேர்வும்

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன ஞாயிறு பாம்பனில் அக்கா வீட்டுத் திண்ணையில் இதற்கென்றே ஒரு பஞ்சாயத்து நடந்தது. விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிற மச்சான், அவர் தம்பி, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், அப்புறம் நான். 22 வருஷமாகக் கட்டட மேஸ்திரியாக இருக்கிறவன் என்பதால் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "நீ எத்தனை ஆர்க்கிடெக்டைப் பார்த்திருப்பே" என்றார் மச்சான். உண்மையில் நான் பார்த்தது இரண்டே பேர். கீழக்கரையில் வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் கட்டுகிற பெரிய வீடுகளுக்கு மதுரையிலிருந்து வந்தவர்கள். மற்ற வீட்டுக்கெல்லாம் அப்ரூவலுக்கு ஒரு இன்ஜினீயர் போட்டுக் கொடுக்கும் பிளான், அதற்குமேல் வீட்டுக்கார அம்மாவின் ஆசை, நான் தரையில் போடும் சுண்ணாம்புக் கோடு. அவ்வளவுதான்.

நிலைமை மோசம்தான், மறுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து இறால் விலையைப் பற்றிக் கேட்டாலே மச்சானுக்குக் கோபம் வருகிறது. டீசல், ஐஸ், ஆள் கூலி எதுவும் இறங்கவில்லை. என் பக்கமும் அதே கதை. கீழக்கரையில் எடுத்த இரண்டு வீடு காங்கிரீட் போட்டதோடு நிற்கிறது. பூச்சு வேலைக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிற வாட்ஸ்அப் செய்தி மட்டும் ஒழுங்காக வருகிறது. கையில் காசு ஓட்டம் குறைந்தால் ஊரில் முதலில் நிற்பது கட்டட வேலைதான். அதனால் வாத்தியார், "கட்டடமே எழும்பாத காலத்தில் கட்டடம் வரையப் படிக்கணுமா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி பைக்கில் திரும்பும்போதுதான் வந்தது, வழக்கம்போல.

பி.ஆர்க். என்கிற ஆர்க்கிடெக்சர் பட்டம் 5 வருஷப் படிப்பு. 2009இல் துபாயில் கட்டட வேலை நின்று நம்ம ஆட்கள் பெட்டியோடு திரும்பினார்கள், ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் சேர்ந்த பிள்ளை படித்து வெளியே வந்தது 2014இல். நல்ல காலம் என்று நம்பி 2015இல் சேர்ந்த பிள்ளை வெளியே வந்தது 2020இல், ஊரடங்குக்கு நடுவே. உள்ளே போகிறபோது அடிக்கிற காற்று வெளியே வரும்போது அடிப்பதில்லை. இன்றைக்குக் காற்று பலமாக அடிக்கிறதென்று 5 வருஷம் கழித்துப் போகிற கடலுக்கு இப்போதே பயப்பட மச்சானே மாட்டார். பிள்ளை படிப்பு என்றால் மட்டும் பயந்து சாகிறார்.

என் பயம் வேறு. தகுதி என்று பார்த்தால் பெரிய மலை ஒன்றும் இல்லை. கணக்கும் இயற்பியலும் கட்டாயம், 45 சதவீதம் இருந்தால் போதும். முன்பு 50 கேட்டார்கள். வேதியியலுக்குப் பதில் வேறு சில பாடங்கள் இருந்தாலும் சரி என்று தளர்த்தியும் இருக்கிறார்கள். நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் குரூப்பிலும் வேதியியல் இருப்பதால் அந்தத் தளர்வால் நமக்குப் பெரிய லாபமில்லை. காமர்ஸ் எடுத்த பிள்ளைக்குத்தான் கதவு மூடிவிடுகிறது. அதுவும் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எழுதிக் கொடுக்கிற அன்றைக்கே, சத்தமில்லாமல்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. நம்ம மாநிலக் கவுன்சிலிங்கில் ரேங்க் 400க்குப் போடுகிறார்கள். பிளஸ் டூ மார்க் 200, ஆர்க்கிடெக்சருக்கென்றே நடக்கிற நாட்டா நுழைவுத்தேர்வு 200. அந்த 200இல் 80 மார்க் கையால் செய்கிற வேலைக்கு: வண்ணத்தில் ஒரு படம், கறுப்பு வெள்ளையில் ஒரு படம், அங்கே கொடுக்கிற பொருட்களை வைத்து ஒரு முப்பரிமாண உருவம். மீதி 120 கம்ப்யூட்டரில். கணக்கில் சதம் அடித்த பிள்ளையும் பென்சில் பிடித்துப் பழகவில்லை என்றால் இங்கே கவிழும்.

பென்சில் பிடிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அரசுப் பள்ளியில் ஓவியத்துக்கு வருகிற பகுதிநேர ஆசிரியர் வாரத்தில் மூன்று அரை நாள் வருவார். பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். கோச்சிங் வேண்டுமென்றால் மதுரை. பாம்பனிலிருந்து போகவர 300 கிலோமீட்டருக்கு மேல். விசாரித்த இடத்தில் சொன்ன கட்டணம் மச்சானுக்கு வருகிற மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயைப் போல மூன்று மடங்கு.

தடைக்காலம் என்றதும்தான் இன்னொன்று உறைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2025இல் நாட்டா நடந்தது மார்ச் முதல் ஜூன் வரை. மூன்று முறை எழுதலாம், அதில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் தனி, பயணம் தனி. படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டு, கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டிருக்கிற மாதங்களில்தான் நம்ம பிள்ளைக்குப் பரீட்சை. காசு இருக்கிறவன் மூன்று தடவை வலை வீசுவான். நமக்கு ஒரே வீச்சு. இதை எந்த விதிப்புத்தகத்திலும் தகுதி என்று எழுதவில்லை. ஆனால் வடிகட்டுவது இதுதான்.

சரி, அப்படியும் அவள் ஏன் இதைப் படிக்கணும்? எனக்கு ஒரு சுயநலம் உண்டு. நான் கட்டிய வீடுகளிலேயே பதினைந்து வருஷத்தில் சீலிங் பெயர்ந்து கம்பி துருவோடு பல்லிளிக்கிறது. உப்புக்காற்று. கம்பி வெளியே தெரியாமல் காங்கிரீட்டுக்குள் இருக்க அடியில் கவர் பிளாக் வைக்கச் சொன்னால் செலவு என்பார்கள், கழுவாத மணலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கீழக்கரையில் சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடுகள் நடுவில் முற்றத்தோடு இன்னும் அசையாமல் நிற்கின்றன, உள்ளே போனால் மே மாதத்திலும் குளுகுளு. அது எப்படி நிற்கிறது, நான் கட்டியது ஏன் உதிர்கிறது? எனக்குச் செய்யத் தெரியும், விளக்கத் தெரியாது. இந்தக் காற்றைத் தின்று வளர்ந்த ஒரு ஆள் அதைப் படித்துவிட்டு வந்து என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன்.

கல்விக்கடன் பேச்சும் வந்தது. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை என்று விதி இருக்கிறது. நாங்கள் போன வங்கியில் முதல் கேள்வியே பட்டா யார் பெயரில் என்பதுதான். அதைத் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம், இப்போதைக்கு அது அவசரமில்லை.

அவசரம் இதுதான். ஐஸ் கம்பெனி பில்லின் பின்பக்கத்தில் புதுப் பாம்பன் பாலத்தை வரைந்து காட்டினாள். இரண்டு கோபுரமும் அவற்றுக்கு நடுவே தூக்கு பாலமும் அச்சு அசலாக இருக்கின்றன. தண்டவாளம் மட்டும் தூரத்தில் குறுகாமல் அப்படியே ஆகாயத்துக்கு ஏறுகிறது. தப்பு என்று எனக்கே தெரிகிறது, எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை பக்கம் ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லிக் கொடுக்கிற ஓவிய வாத்தியார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவள் கூட இன்னும் இரண்டு பிள்ளைகள் வருவார்கள். பஸ் செலவும் வாத்தியார் சம்பளமும் என் பொறுப்பு. தடைக்காலம் தொடங்க இன்னும் 11 ஞாயிறு இருக்கிறது.