சிவப்பு ரிப்பன்

இத்தாலியச் சிறுவர் புத்தக ஓவியர் ராபர்ட்டோ இன்னொசெந்தி 2008இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது வாங்கியதை உங்கள் கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் பிறந்த அந்தப் பையன் 13 வயதில் படிப்பை விட்டு இரும்பு வார்ப்புப் பட்டறைக்கு வேலைக்குப் போனதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! ஓவியப் பள்ளி வாசலையே மிதிக்காதவர். 18 வயதில் ரோமுக்குப் போய் அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை, பிறகு சினிமா, நாடகப் போஸ்டர்கள். கை பழகியதெல்லாம் இப்படித்தான்.

1985இல் வந்த அவருடைய 'ரோஸ் ப்ளான்ஷ்' படப் புத்தகம் என் மகளுக்காக வாங்கியது. நாஜி முகாமைக் கண்டுபிடித்து, பையில் சாப்பாடு மறைத்துக் கொண்டுபோகும் சிறுமியின் கதை. ஊர் முழுக்கப் பழுப்பும் சாம்பலும். அவள் தலையில் சிவப்பு ரிப்பன். ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாக வரைந்திருப்பார். லாரியிலிருந்து தப்பப் பார்க்கும் பையன் கையைத் தூக்கி நிற்கும் பக்கத்தில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் ஒரு சிறுவன் கைதூக்கி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. மகளுக்கு அந்தப் படம் தெரியாது. "இவனை எங்கப்பா கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டாள். அன்று ராத்திரி அதற்கு மேல் பக்கம் புரட்டவில்லை.