எவர்சில்வராம், எவர்சில்வர்!

காலையில் காபி போடப் போனால் சிங்க் மூலையில் மூன்று பழுப்புப் புள்ளி. மிளகு அளவுதான். நகத்தால் சுரண்டினேன், விரலில் துரு. வாங்கிப் பத்து மாதம்கூட ஆகவில்லை. "சார், எவர்சில்வர். உங்க பேரன் காலத்துக்கும் இப்படியே இருக்கும்" என்று கடைக்காரர் விரலால் சுண்டிக் காட்டிய அந்த 'டங்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

போன் போட்டேன். "போர் தண்ணியா சார்?" என்றார். ஆமாம், போர் தண்ணிதான். திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவனுக்குக் குழாயில் காவிரியா கொட்டும்? "உப்புத் தண்ணின்னா அப்படித்தான் சார்." அட, இதைக் காசு வாங்கும்போது சொல்லித் தொலைத்திருக்கலாமே!

அன்றைக்குக் காந்தத்தை வேறு வைத்துக் காட்டினார். ஒட்டவில்லையாம், அதனால் உசத்தி ஸ்டீலாம். நானும் தலையாட்டினேன். 304 என்கிற ரகத்தில்தான் காந்தம் ஒட்டாது என்றில்லை, மலிவான 202-லும் ஒட்டாது. 304-இல் 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 202-இல் அதைக் குறைத்துவிட்டு மாங்கனீஸைச் சேர்ப்பார்கள். பார்க்க ரெண்டும் ஒரே பளபளப்பு. உப்பு பட்டால்தான் சாயம் வெளுக்கும்.

துருப் பிடிக்காது என்பதே அரை உண்மைதான். இந்த ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போடும். அந்தப் படலம் இருக்கும்வரைதான் ஆட்டம். உப்பில் இருக்கும் குளோரைடு அதில் ஊசிமுனையளவு ஓட்டை போட்டுவிடும். பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அதே வேலையைத்தான் பார்க்கும். (போன மாதம் 'கிருமி சாகட்டும்' என்று பிளீச்சிங் பவுடர் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்த புண்ணியவான் நான்தான். அதை விடுங்கள்.)

அப்புறம் அத்தை. இரண்டு வாரம் வந்திருந்தார். இரும்பு நாரை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து, "பாத்தியாடா, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்" என்றார். அந்த நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கு கீறலுக்குள் உட்கார்ந்துகொண்டு துருப்பிடிக்கிறது. கடைக்காரரைத் திட்டலாம், அத்தையைத் திட்ட முடியுமா?

இப்போது தினமும் ராத்திரி எனக்கு இதுவே வேலை. மெத்தென்ற ஸ்பாஞ்ச், இரண்டு சொட்டு சோப்பு, ஸ்டீலில் கோடு ஓடும் பக்கமாகவே தேய்த்துக் கழுவி, குழந்தைக்குத் தலை துவட்டுவது போலச் சிங்க்கைத் துவட்டிக்கொண்டிருக்கிறேன். ஈரம் காய்ந்தால் உப்பு தங்கிவிடுமே! புள்ளிகளுக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவினேன். இரண்டு போனது. மூன்றாவது குழி விழுந்துவிட்டது, இனி அது சாசுவதம்.

நேற்று அத்தையிடம் போனில் புலம்பினேன். "இதுக்குப் போயா? எலுமிச்சம்பழ மூடியில கல்லுப்பைத் தொட்டு நல்லா அழுத்தித் தேய்டா, போயிடும்."

சரி அத்தை என்றேன்.